சூடு பார்க்கும் வேலை

ஒன்பது வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டை இழந்து ஐப்பசி மழையில் ஊரைவிட்டுப் போனது. பொய் சொன்ன மறுநாள் ஊர் முன்னால் நிற்கவைத்துக் கேட்டார்கள். அப்போதும் அதே பொய்யைச் சொன்னேன், முன்பைவிடச் சத்தமாக.

என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேருக்கு இடுப்பு, மீதிப்பேருக்கு முழங்கால். கட்டிலுக்குப் பக்கத்தில் ரப்பர் பையோ கரண்டில் சூடாகும் பட்டையோ கிடக்கும். உடம்பில் வைக்கும் முன் ஒருமுறை கையில் ஒற்றிப் பார்ப்பீர்கள். எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது அந்த வேலைதான்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே. அப்பாவுக்கு நிலம் அதிகம். அந்த வருஷம் சம்பா நடவு முடிந்த சமயம், வில்வண்டியிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி மல்லாந்து விழுந்தார். எலும்பு முறியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. டவுன் டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். கழுத்து நீண்ட பாட்டில்களில் பச்சையும் சிவப்புமாகத் தைலங்கள் வந்தன. இரண்டு வாரமாகியும் அவரால் புரண்டு படுக்க முடியவில்லை. அடிமுதுகில் ஒரு பக்கம் வலி, இன்னொரு பக்கம் கிள்ளினாலும் தெரியாத மரப்பு.

அப்பாவின் வயல் வேலைகளை மேற்பார்த்த காரியக்காரர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். கீழத்தெருவில் எங்கள் பண்ணையாள் ஒருவரின் மனைவி ஒத்தடம் கொடுப்பார் என்றும், நடவு முடிந்தால் அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவரிடம் முதுகைக் காட்டிக்கொண்டு படுப்பார்கள் என்றும்.

"சும்மா செய்வாளா? என்ன கேப்பா?" என்றார் அப்பா.

"கேக்குற பழக்கமில்லீங்க."

"கேக்காதவகிட்டதான்யா சாக்கிரதையா இருக்கணும்."

எங்கள் வீட்டில் அந்த வருஷம் எல்லாப் பேச்சும் இப்படித்தான் இருந்தது. கீழத்தெரு முனையில் கூலியாட்கள் சங்கத்துக் கொடி ஒன்று ஏறியிருந்தது. அதன் கீழே அந்தப் பெண்ணின் கணவரும் நின்றதைக் காரியக்காரர் பார்த்திருந்தார். அதனால் அம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவேயில்லை. "புருஷன் கொடி புடிக்கிறான். பொண்டாட்டிகிட்ட முதுகைக் காட்டிக்கிட்டுப் படுக்கறதா?" என்றாள். ஆனால் வலி அப்பாவுக்கு.

அந்தப் பெண்ணை நாங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அவருக்கு முப்பது வயதிருக்கும், நான் ஒன்பது வயதில் அவரை 'வா, போ' என்றேன். அவர் என்னை 'சின்னய்யா' என்றார். இப்போது எழுதும்போது 'அவர்' என்று போடுகிறேன். அன்று போடாததை இது ஈடுகட்டாது.

அவர் வீட்டுக்குள் வரக்கூடாது. அதனால் நோயாளியை வெளியே கொண்டுவந்தார்கள். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய பின்பக்கத் தாழ்வாரத்தில் கட்டில் போட்டு, அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். பக்கத்தில் மண்ணடுப்பு, அதன்மேல் ஓரம் உடைந்த இரும்புச் சட்டி. நெல்லுத் தவிட்டையும் கல்லுப்பையும் அதில் போட்டு வறுப்பார். தவிடு பொரிந்து பால் தீய்ந்த மாதிரி ஒரு வாசனை வரும்போது, கிழித்த நொச்சி இலையைச் சேர்ப்பார். அப்பாவின் பழைய வேட்டித் துணியில் இரண்டு மூட்டை. ஒன்று முதுகில் இருக்கும்போது மற்றது சட்டியில். துணியின் வால் நீளமாக இருக்க வேண்டும், விரல் அப்பாவின் முதுகில் படக்கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு.

முதல் நாள் அவர் வழக்கம்போல மூட்டையை எடுத்துத் தன் முழங்கையின் உள்பக்கம் ஒற்றிப் பார்த்தார்.

"ஏய், என்ன பண்றே? உன் உடம்புல வச்சதையா அவங்க உடம்புல வைப்பே?" என்று அம்மா கத்தினாள்.

"சூடு பாக்கணும்மா. பாக்காம வச்சா பொத்துப்போயிடும்."

"அப்ப வேற யாராச்சும் பாக்கட்டும்." அம்மாவின் கண் என்மேல் விழுந்தது. "டேய், நீ பாரு."

"சின்னப்புள்ள தோலும்மா அது. அது தாங்குற கணக்கு வேற, பெரியவங்க முதுகு தாங்குற கணக்கு வேற."

"எனக்கு நீ பாடம் எடுக்கவேணாம்."

அவர் என் பக்கம் திரும்பி, "மூணு எண்ணுற வரைக்கும் கை தாங்குச்சுன்னா சரின்னு சொல்லுங்க சின்னய்யா. தாங்கலேன்னா உடனே எடுத்துருங்க, வீரம் காட்டாதீங்க" என்றார்.

இப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது. முதல் சில நாள் கருத்தாகவே செய்தேன். மூட்டையைக் கையில் வைத்து மூன்று எண்ணுவேன், 'சரி' என்பேன், அதன்பிறகுதான் அது அப்பாவின் முதுகுக்குப் போகும். பெரியவர்கள் இரண்டு பேர் என் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தாள். "அவ என்ன பேசுறா, என்ன முணுமுணுக்குறா, எல்லாத்தையும் கவனிச்சு எங்கிட்டச் சொல்லு." அவளே தினமும் மூட்டைகளை அவிழ்த்துப் பார்ப்பாள். தவிட்டைக் கையால் துழாவுவாள். செய்வினைத் தகடு, எலும்பு, மயிர் என்று எதையோ தேடினாள். தவிடும் உப்பும்தான் இருந்தன. இல்லாததைக் கண்டு அவள் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மூட்டையை அழுத்தி எடுக்கும்போது அவர் வாய்க்குள் எண்ணுவார். 'லாபம், ரெண்டு, மூணு' என்று, ஒன்றுக்குப் பதில் லாபம் சொல்லி, களத்தில் மரக்காலில் நெல் அளப்பவர்கள் எண்ணுகிற கணக்கு. அதை அம்மாவிடம் சொன்னேன். "முதுகுல என்ன நெல்லா அளக்குறா?" என்று அவள் முகம் சுருங்கியது. ஆனால் எனக்கு ஒரு அதிரசம் கிடைத்தது. தீபாவளிக்குச் சுட்டது, தூக்குவாளியில் எட்டாத உயரத்தில் இருந்தது. சொல்வதற்கு ஏதாவது இருந்தால் அந்த வாளி கீழே இறங்கும் என்று புரிந்துகொண்டேன்.

எட்டாம் நாள் அப்பா எழுந்து உட்கார்ந்தார். அன்று ஒத்தடம் கொடுக்கும்போது அந்தப் பெண், "ஐயா முதுகு கருங்கல்லுங்க. எங்க தெருப் பொம்பளைங்க நாலு பேரு முதுகைப் புடிச்சாலும் இவ்வளவு கை வலிக்காது" என்றார்.

"கருங்கல்லுக்கு எதுக்குடி ஒத்தடம்?" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தார். விழுந்ததிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

அந்தச் சிரிப்பையும் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு இரண்டு அதிரசம். அவள் எதைச் சந்தேகப்பட்டாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது, அதுவும் வீண் என்பதும் தெரிகிறது.

அதற்கு மூன்று நாள் கழித்து மழை விட்டு வெயில் வந்தது. வாய்க்கால் மதகில் கெண்டை துள்ளுகிறது என்று பையன்கள் துண்டோடு ஓடினார்கள். அவர்கள் கத்துவது தாழ்வாரம் வரை கேட்டது. என் கை அதற்குள் தினசரிச் சூட்டில் சிவந்து காந்திக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தாழ்வாரத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் மூட்டையை நீட்டினார். "சின்னய்யா, பாருங்க."

நான் கையை அருகில் கொண்டுபோனேன். ஒற்றவில்லை. "சரியா இருக்கு, வையி" என்றேன்.

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்னு சொல்றேன்ல."

அவர் வைத்தார். மரத்துப்போன பக்கம் அது. அப்பாவுக்கு உடனே தெரியவில்லை. இரண்டாவது அழுத்தத்தில் அவர் தோள் துள்ளியது. அந்தப் பெண் மூட்டையைச் சட்டென்று எடுத்தார், ஆனால் அதற்குள் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொப்புளமாக எழும்பியது. அப்பா போட்ட சத்தத்தில் மாடுகள் கயிற்றை இழுத்தன.

அம்மா ஓடிவந்தாள். முதுகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீ சூடு பாத்தியாடா?"

அந்தக் கேள்வியில் அவளுக்கு வேண்டிய பதில் இருந்தது. இத்தனை நாள் அவளுக்கு வேண்டியதைக் கொண்டுபோய்க் கொடுத்தே பழகியிருந்தேன். அடி விழும் என்ற பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

"எங்கிட்டக் குடுக்கலைம்மா. கேட்டேன். குடுக்காமயே வச்சுட்டா."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபத்தைவிட, காதில் விழுந்ததைச் சரிபார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் பேசினார்.

"ஐயா, புள்ள 'சரியா இருக்கு, வையி'ன்னு சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சுங்களே. நான் ரெண்டாந்தரம் கேட்டதும் விழுந்துச்சே. சொல்லுங்கய்யா."

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக் குப்புறக் கிடந்தார். என் வாய்க்கும் அவர் காதுக்கும் இரண்டடி தூரம் இருக்கும். கொஞ்ச நேரம் அவரிடமிருந்து மூச்சு மட்டும் வந்தது.

"எனக்கு ஒண்ணும் விழலை" என்றார்.

அந்த ஐந்தாறு நொடியைத்தான் அறுபது வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வலியில் உண்மையிலேயே காதில் விழவில்லையா? மகனைக் காப்பாற்றினாரா? அல்லது அதற்குள்ளேயே அந்தக் கொடியை நினைத்துவிட்டாரா? கடைசியாகச் சொன்னது எனக்கு வசதியானது. அதை நம்பினால் என் குற்றத்தில் பாதியை அவர்மேல் ஏற்றலாம். அதனாலேயே அதையும் சந்தேகப்படுகிறேன்.

மறுநாள் காலை களத்தில் இரண்டு தெருவையும் கூட்டினார்கள். காரியக்காரர் என்னை நெல்மூட்டை ஒன்றின்மேல் ஏற்றி நிறுத்தி, "நடந்ததை எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க தம்பி" என்றார். சொன்னேன். அந்தப் பெண்ணின் கணவர் கூட்டத்தின் முன்னால் வந்து, "சின்னய்யா, என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டார். நான் காரியக்காரரைப் பார்த்துச் சொன்னேன்.

கீழத்தெரு முழுவதும் எங்கள் மனை. ஐயாவைச் சுட்டவளுக்கு ஐயா மண்ணில் இடமில்லை என்று தீர்ப்பானது. கீழத்தெரு ஆட்களை வைத்தே அந்தக் கூரையைப் பிரித்தார்கள். தூறலில் அவர்கள் போனதைக் களத்திலிருந்து பார்த்தேன். அவர் தலையில் பானைகள், கணவர் தோளில் சுருட்டிய பாய், என் வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் ஒரு கோழி. அந்தப் பெண் மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அந்த மாதமே கொடியும் இறங்கிவிட்டது. சில வருஷங்களில் குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. கீழத்தெருவில் எல்லோருக்கும் பட்டா கிடைத்தது. அந்த ஒரு மனையில் அப்போது எங்கள் தென்னங்கன்றுகள் நின்றன.

அப்பாவின் புண் ஆறத் தை மாதமாகிவிட்டது. இடுப்பு பழையபடி பிடித்துக்கொண்டது. வேறு யாரையும் ஒத்தடத்துக்கு அவர் விடவில்லை. டவுனிலிருந்து ரப்பர் பை வந்தது, அரக்கு நிறம், மூடியில் சங்கிலி. கடைசிக் காலத்தில் ஒருமுறை லீவில் வந்திருந்த நான் அந்தப் பையில் வெந்நீர் ஊற்றிக் கொண்டுபோனேன். அவர் திரும்பாமலே, "கையை வச்சுப் பாத்துட்டு வையிடா" என்றார். எல்லாத் தகப்பனும் சொல்லக்கூடிய வார்த்தை. கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அடுத்த மாதம் அவர் போய்விட்டார்.

நான் படித்தேன், அரசு வேலை பார்த்தேன், ஓய்வு பெற்றேன். பிறகு என் இடுப்பும் பிடித்துக்கொண்டது. பிசியோதெரபி செய்த பெண், சூட்டுப் பட்டையை என் முதுகில் வைத்து, "சூடு தாங்குதாங்க சார்? மறைக்காமச் சொல்லுங்க" என்று கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு மூன்று எண்ணினேன். ரொம்பச் சுட்டுவிட்டது என்று பயந்து அவள் பட்டையைப் பிடுங்கினாள். அது இளஞ்சூடுதான்.

கீழத்தெருவில் விசாரித்தேன். அந்தக் குடும்பம் பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் போய்ச் சேர்ந்திருந்தது. கணவர் காலமாகிவிட்டார். மகள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒத்தடம் கொடுத்தவர் மகளோடு இருக்கிறார் என்றார்கள். பாகப்பிரிவினையில் அந்த மனை என் பங்குக்கு வந்திருந்தது. அதை அவர் பேருக்கு எழுதிய பத்திரத்தைத் தயார் செய்து எடுத்துக்கொண்டு போனேன்.

மகள் வாசலிலேயே நிறுத்தினார். ஊர் பேரைச் சொன்னதும் முகம் இறுகியது. "எதுக்கு வந்திருக்கீங்க? கேஸ் ஏதும் இருக்கா? எங்க அம்மா கையெழுத்து எதுக்காவது வேணுமா?"

"இல்லைங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"அறுபது வருஷம் கழிச்சா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு?"

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு சுருங்கியிருந்தது, கண் தெளிவாக இருந்தது. யார் என்று சொன்னேன்.

"ஐயா வூட்டுச் சின்னவரா? அந்தப் புண்ணு ஆறுச்சா?"

"ஆறிடுச்சுங்க."

"முதுகு?"

"கடைசிவரைக்கும் வலிதாங்க."

"இன்னும் எட்டு நாள் குடுத்திருந்தா விட்டிருக்கும்" என்றார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கையை ஒற்றாமலே 'சரி' என்றது, அம்மாவிடம் சொன்னது, களத்தில் சொன்னது எல்லாவற்றையும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "இதெல்லாம் எனக்குத் தெரியுமே. நான் அங்கதானே இருந்தேன்? தெரியாதவங்ககிட்டப் போயில்ல சொல்லணும்?" என்றார்.

பத்திரத்தை எடுத்தேன். மகள் அதைப் பிரிக்கவே இல்லை. "எனக்கு ரெண்டு இடத்துல கல்யாணம் பேசி நின்னுபோச்சு. விசாரிக்க உங்க ஊருக்குத்தான் போவாங்க. 'சுட்டவ வூட்டுப் பொண்ணா'ன்னு கேப்பாங்களாம். உங்க ஊர்ல இன்னும் அப்படித்தான் சொல்றாங்க. முதல்ல அதைப் போய் மாத்துங்க. மனையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

நான் ஊருக்குத் திரும்பியபோது கோயில் திருப்பணிக்காக ஊர்க் கூட்டம் போட்டிருந்தார்கள். இரண்டு தெருவும் வந்திருந்தது. கணக்கு வாசித்து முடித்ததும் மைக்கைக் கேட்டு வாங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்று களத்தில் என் பொய்க்கு ஒருவரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. இன்று உண்மைக்கு அத்தனை கேள்வி. "அண்ணன் தம்பிக்குள்ள பாகத் தகராறாமே?" என்றது ஒரு குரல். "அந்தப் பக்கத்துல என்ன வாங்குனாரோ" என்றது இன்னொன்று. யாரோ சிரித்தார்கள். என் அண்ணன் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "செத்துப்போன அப்பா பேரை ஏண்டா சந்தியில இழுக்குறே? யாருடா உன்னைத் தூண்டிவிட்டது?"

"யாருமில்லண்ணே."

"மனையை எவனுக்கு வித்தே? உண்மையைச் சொல்லு."

அப்போது கீழத்தெருப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். எண்பதை ஒட்டிய வயது. "தம்பி சொல்றது நெசமோ பொய்யோ, அந்தக் கூரையைப் பிரிச்சவன் நான். மேல ஏறி முதல் கீத்தை உருவினது நான்தான். அதுக்கு முந்துன வருஷம் என் ஆத்தா முதுகை நிமித்தி விட்டது அந்தப் பொம்பளை. எங்க தெருவுல ஒருத்தரைச் சுட்டதில்லை. களத்துல அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை" என்றார். சொல்லிவிட்டு உட்காராமல் வெளியே நடந்துபோய்விட்டார். கூட்டம் அதன்பிறகு நடக்கவில்லை.

மறுநாள் பேராவூரணிக்குப் போன் செய்தேன். மகள் கேட்டுக்கொண்டு, போனைத் தன் அம்மாவிடம் கொடுத்தார்.

"சொல்லிட்டீங்களாமே" என்றார்.

"சொல்லிட்டேங்க."

"யாரு யாரு இருந்தாங்க? நாத்துக்கட்டு செமப்பாளே, நெட்டைக்காரி, அவ இருந்தாளா?"

"அவங்க இல்லீங்க. போய்ச் சேந்துட்டாங்க."

"எதுத்த வூட்டு வாயாடி?"

"அவங்களும் இல்லை."

"புள்ளப்பேறு பாப்பாளே, அவ? எங்க வூட்டைப் பிரிக்கறப்ப வாசல்ல நின்னு என் மூஞ்சியைப் பாக்காம உள்ள போனா. அவ இருக்காளா?"

"இல்லீங்க."

இன்னும் நான்கைந்து பேரைக் கேட்டார். முதுகும் இடுப்புமாக அவர் கை பட்ட பெண்கள். நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அப்ப யாருக்குத்தான் சொன்னீங்க?" என்றார்.

"அவங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் இருந்தாங்கம்மா."

"அதுங்களுக்கு என்னைத் தெரியாதே."

போன் கை மாறியது. மனையைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தானும் கேட்கப்போவதில்லை என்றார் மகள். பத்திரம் பதிவாகாமல் என் பீரோவில் இருக்கிறது.